விலை இருந்தது, தண்ணீர்தான் இல்லை

“தண்ணீர் சும்மா கிடைப்பதால்தான் வீணாகிறது, விலை வைத்தால் பஞ்சம் தீரும்.” கோடை வந்தால் ஏதாவதொரு கருத்தரங்க மேடையில் இது முழங்கிவிடும். தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்று 1992 டப்ளின் மாநாடு சொன்னாலும் சொன்னது, நம் வல்லுநர்களுக்கு அது வேதவாக்காகிவிட்டது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஏழைகள் தண்ணீரின் அருமை தெரியாமல் கொட்டுகிறார்களாம். விடியுமுன் குடத்தோடு வரிசையில் நிற்பவர் எதைக் கொட்டுவார்?

இலவச மின்சாரத்தால் உழவர்கள் நிலத்தடி நீரைக் காலி செய்தார்களாம். சென்னை அடுக்குமாடிகளின் மோட்டார்களுக்கு மின்கட்டணம் உண்டே, அங்கே ஏன் போர் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாக இறங்குகிறது?

அடுத்து, இவர்களுடைய பிரம்மாஸ்திரம்: விலை ஏறினால் சிக்கனம் வரும், மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும். 2019இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது சென்னையில் அந்தச் சந்தை அமோகமாகவே நடந்தது. தனியார் லாரித் தண்ணீரின் விலை பல மடங்கு ஏறியது. வசதியுள்ள குடியிருப்புகள் முனகிக்கொண்டே வாங்கின. வசதியில்லாதவர்கள் ‘சிக்கனமாக’க் குளிக்காமல் இருந்தார்கள்.

ஏறிய விலை தண்ணீரைக் காப்பாற்றியதா? புறநகர்க் கிராமங்களின் கிணறுகளில் மோட்டார் ஓயாமல் ஓடியது. நெல் போடுவதைவிடக் கிணற்றை விற்பது லாபம் என்றால் யார்தான் நெல் போடுவார்? 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் நிலத்துக்கு மேலேதான் வரப்பு; மண்ணுக்கடியில் வரப்பு கிடையாது. ஒருவர் லாரியில் ஏற்றுவது பக்கத்து வயல்காரரின் தண்ணீரையும் சேர்த்துத்தான். காசு ஒருவருக்கு, வறட்சி ஊருக்கு. விலை ஏற ஏற, மோட்டாரை நிறுத்துகிறவர் ஏமாளியாகிறார். அவர் விட்டுவைத்ததை அடுத்தவர் விற்றுவிடுவார்.

லாரிக்குக் கொடுக்கும் காசில் டீசலுக்குப் பங்குண்டு, ஓட்டுநருக்குப் பங்குண்டு, கிணற்றுக்காரருக்குப் பங்குண்டு. நீரைத் தாங்கி நிற்கும் மணலுக்கு ஒரு பைசா இல்லை. அந்த மணலை வரம்பின்றி உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை மீஞ்சூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். 1960களின் இறுதியிலிருந்தே அங்கே நிலத்தடியில் கடல்நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. உப்பாகிவிட்ட நீரை எந்த விலை இனிப்பாக்கும்? இந்த உறிஞ்சலுக்குக் கடிவாளம் போடத் தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. நடைமுறைக்கு வராமலேயே 2013இல் அது ரத்தானது. அதைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் ஒரு முணுமுணுப்பும் கேட்டதில்லை.

தனியாரிடம் விட்டால் சரியாகிவிடும் என்பது மிச்சமிருக்கும் வாதம். பொலிவியாவின் கோச்சபம்பாவில் விட்டுப் பார்த்தார்கள். கட்டணம் ஏறி, மக்கள் தெருவில் இறங்கி, 2000இல் ஒப்பந்தமே ரத்தானது. பாரிஸ் நகரமும் 2010இல் குடிநீர் வழங்கலைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது.

சென்னையில் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது தங்க வேண்டிய ஏரிகளிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் கட்டடம் எழும்பியது தண்ணீருக்கு விலை இல்லாத குறையாலா? ஒரு கிணற்றிலிருந்து நாளைக்கு எத்தனை லிட்டர் எடுக்கலாம் என்று முதலில் அளவு வையுங்கள், ஐயா. விலையைப் பிறகு பேசலாம்.