மனம் மாற இடம் வேண்டும்

ஜாவாவின் ஸ்ட்ரிங் கிளாஸுக்குள் 'வேல்யூ' என்று ஒரு பிரைவேட் ஃபீல்டு இருக்கிறது. ஜாவா 8 வரை அது கேர் அரே. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பைட். 2017இல் வந்த ஜாவா 9 அதை பைட் அரேயாக மாற்றியது. லத்தீன்-1 எழுத்துகள் மட்டுமே உள்ள சரத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்றாகி, நினைவகம் மிச்சமானது. தமிழ்ச் சரங்களுக்கு அந்த லாபம் கிடையாது; அவை இன்றும் யூடிஎஃப்-16தான்.

இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு, லெங்த், சப்ஸ்ட்ரிங் என்று வாசல் வழியாக வந்துபோனவர்கள் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ரிஃப்ளெக்‌ஷனால் உள்ளே கைவிட்டு அந்த அரேயை எடுத்தவர்களின் நிரல்கள்தான் உடைந்தன. ஜாவா 9 எச்சரித்ததோடு விட்டது. 2021இல் ஜாவா 16 அந்த வழியை இயல்புநிலையிலேயே அடைத்தது. அதே ஆண்டு ஜாவா 17, மொத்தமாகத் திறந்துவைக்கும் விருப்பத்தேர்வையும் எடுத்துவிட்டது.

இப்படி உள்ளே மறைத்துவைக்கும் உறைபொதியாக்கத்தை (என்கேப்சுலேஷன்) 'தரவைப் பாதுகாப்பது' என்றே பாடம் நடத்துகிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை. பிரைவேட் என்பது, எழுதியவர் நாளை மனம் மாறுவதற்கு இன்றே ஒதுக்கிவைக்கும் இடம். மாறக்கூடிய வடிவமைப்பு முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவை என்று டேவிட் பார்னஸ் 1972இலேயே எழுதிவிட்டார்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இன்வாய்ஸ் கிளாஸில் வரித்தொகையை ரவுண்ட் ஆஃப் செய்யும் பிரைவேட் மெத்தட் ஒன்று இருந்தது. டெஸ்ட் எழுத வசதியாக இருக்கும் என்று அதை பப்ளிக் ஆக்கினார்கள். ரிவ்யூவில் ஒப்புதல் கொடுத்தவன் நான். சில மாதங்களில் ரிப்போர்ட்டும் ரீஃபண்டும் அதை நேரடியாக அழைக்கத் தொடங்கின. இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் செய்த ரவுண்ட் ஆஃபை மொத்தத்துக்கு மாற்றச் சொன்னபோது, அந்த மெத்தடைத் தொட முடியவில்லை. தொட்டால் பழைய ரீஃபண்ட் கணக்கு பைசாக் கணக்கில் இடித்தது. டெஸ்ட் செய்யத் தவிக்கும் அளவுக்கு ஒரு பிரைவேட் மெத்தடில் வேலை சேர்ந்துவிட்டால், அதற்குள் இன்னொரு கிளாஸ் பிறக்கக் காத்திருக்கிறது. அன்று அதைப் பிரித்தெடுத்திருக்க வேண்டும்.

ஃபீல்டையெல்லாம் பிரைவேட் ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐடிஇயில் கெட்டர், செட்டர் உருவாக்கிக்கொள்வதும், உள்ளே இருப்பதை வெளியே திறந்துவிடும் இதே தவறுதான்.

அடுத்த இதழிலிருந்து, கட்டுரையோடு மாதிரி நிரல் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு பப்ளிக் மெத்தடுக்கும் மேலே அதை யார் அழைக்கப்போகிறார்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராத இடத்தில் பிரைவேட் என்று போடுங்கள்.