காத்திருக்கும் பகைவன்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக் கூடத்துக் கம்ப்யூட்டர் திரையில், அயல்கிரகத்திலிருந்து வந்திறங்கிய ஜந்து ஒன்று கையில் ஆயுதத்துடன் சுமார் நாற்பது நிமிஷம் இடம்பெயராமல் நின்றது. அதை எதிர்த்துப் போர் புரிந்துகொண்டிருந்த என் பேரன், தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று அவன் தாய் குரல் கொடுக்கவே, இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். வரிசையில் நின்று, மூன்று நடை சுமந்து, கால் கழுவிக் காபியும் குடித்துவிட்டு அவன் திரும்பும் வரையில் அந்தப் பகைவன் காட்டிய பொறுமையைக் கண்ட பிறகுதான், அந்த விளையாட்டின்மீது எனக்கு ஒரு மரியாதை பிறந்தது.

எக்ஸ்காம் என்பது அதன் பெயர். அதன் மூலவடிவத்தை ஜூலியன் கோலப் என்ற ஆங்கிலேயர் அமைக்க, அது 1994-ல் வெளிவந்தது. பேரன் ஆடுவது ஃபிராக்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2012-ல் புதுப்பித்த பதிப்பு. பூமியின்மீது படையெடுக்கும் அயல்கிரகவாசிகளை, இந்தியாவும் அங்கம் வகிக்கும் 16 தேசங்களின் சபைக்காக ஒரு சிறு படை எதிர்க்கிறது. பீதி முற்றி 8 தேசங்கள் சபையை விட்டு விலகினால் ஆட்டம் தோல்வி. நம் வீரர்களை நகர்த்தி, சுட்டு, நமது முறை முடிந்ததென்று நாமே சொன்ன பிறகுதான் பகைவனின் முறை வரும்.

என் பால்யத்தில் பூந்தமல்லிக்கு மேற்கே, பாட்டி வீட்டுத் திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டம் இதற்கு மூத்த உறவினன் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். எங்களுக்குக் கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. ஆட்டினால் புலியை வெட்ட இயலாது; நகர வழியின்றி அடைக்கத்தான் முடியும். பலஹீனர்கள் பலசாலியை வெல்லும் அந்த யுக்தியையே, தாழ்ந்த சுவருக்குப் பின்னால் மண்டியிடும் இந்த வீரர்களும் பயில்கிறார்கள்.

எங்களைப் போன்ற ஆவடிக்காரர்களுக்கு இதில் வேறொரு சுவாரசியமும் உண்டு. வீழ்ந்த பகைவனின் ஆயுதத்தை ஆராய்ச்சிசாலைக்குக் கொண்டுபோய், அதன் சூட்சுமத்தைக் கற்று, பிறகு சொந்தமாக ஆயுதம் செய்துகொள்வது இவ்விளையாட்டின் பாதி. பிரிட்டிஷ் விக்கர்ஸ் அமைப்பில் விஜயந்தா டாங்கியைச் செய்யத் தொடங்கி, ரஷ்ய டி-72-ஐ அஜேயா என்ற பெயரில் உருவாக்கி, உள்ளூர் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த அர்ஜுனையும் வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலையின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு, அந்தப் பாதையின் நீளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டில் சில தினங்களில் முடிகிற ஆராய்ச்சி, நம் ஊரில் பல தசாப்தங்களை விழுங்கியது என்பதுதான் வித்தியாசம்.

அதிர்ஷ்டமும் இந்த விளையாட்டில் உண்டு. 95 சதவீதம் குறி தப்பாதென்று திரை காட்டும், குறி தப்பும். எளிய நிலைகளில் ஆடுகிறவருக்குச் சாதகமாக இயந்திரமே கணக்கை ரகசியமாகச் சற்று வளைத்துக் கொடுக்கிறது; இருந்தும் இயந்திரம் வஞ்சித்ததாகக் குறைப்படாத ஆட்டக்காரர் அபூர்வம். தாயக்கட்டையைத் திட்டாதவர் நம்மில் யார்?

திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்த விவகாரத்தைத்தான் நமது சட்டமும் வெகுகாலம் கட்டி அழுதது. 2022-ல் தமிழகச் சட்டசபை கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்ற சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றை மட்டும் விலக்கியது. 2025-ல் மத்திய சர்க்கார், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு கூடாதென்று தடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் பணம் கேட்காமலே பிள்ளைகளைப் பிடித்து வைக்கும் விளையாட்டுகள் அந்தச் சட்டத்தில் அகப்படுவதில்லை. தாய் அழைத்தால் எழுந்துபோக விடாமல், எழுந்தால் தோற்றாய் என்று மிரட்டும் விளையாட்டுகளைச் சொல்கிறேன். பெற்றோர்களோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, போனைப் பிடுங்குவதோடு கடமை தீர்ந்ததென்று திருப்தியடைகிறார்கள். பிள்ளை எதை ஆடுகிறான் என்று கேட்பதைவிட, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்வரும் வரை அது அவனுக்காகக் காத்திருக்குமா என்று கேட்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

காத்திருப்பதால் மட்டும் எக்ஸ்காம் சாதுவான விளையாட்டாகிவிடாது. மாண்ட வீரன் மாண்டவனே. பாசறையின் நினைவுச் சுவரில் பெயர் ஏறிவிடும். செய்த பிழையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்க இடம் தராத கடுமையான முறையொன்றும் உண்டு; பேரன் ஆடுவது அதைத்தான். வீரர்களுக்கு நாமே பெயரிடலாமாதலால் எங்கள் தெருவே அவன் படையில் சேர்ந்திருக்கிறது. முனையில் இஸ்திரி போடுகிறவரின் பெயரைத் தாங்கிய வீரனை, அவசரப்பட்டு வெட்டவெளியில் ஓடவிட்டுப் பலிகொடுத்த மறுநாள், மடித்த துணியை வாங்கப் போனவன் அவர் முகத்தைப் பார்க்கக் கூசினானாம்.

நேற்று என் பெயர் கொண்ட வீரனின் முறை வந்தது. இடிந்த சுவரோரம் மண்டியிட்டிருந்தான்.

“தாத்தா, அறுபத்தஞ்சு பர்சென்ட்தான் காட்டுது. சுடட்டுமா, பின்னாடி ஒதுங்கிடட்டுமா?”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் நெடுநேரம் யோசித்தேன். பகைவனும் அவசரப்படவில்லை.