வட்டிக்குக் கிடைத்தது, சேரிக்குக் கிடைக்காதது

மதுரை ராஜா முத்தையா மன்றம் தெரியாத தோழர் இருக்க மாட்டார். யார் அந்த ராஜா என்றால் பாதிப் பேர் முழிப்பார்கள். ராத்சைல்ட் குடும்பம் உலகத்தையே ஆட்டிவைக்குதுன்னு டீக்கடையில் கதை பேசுகிறோம். செட்டிநாட்டு அரண்மனை நம் சட்டசபைக்குள் நுழைந்த வழியைப் பார்ப்பதில்லை. அதில் சதி எதுவும் இல்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது. அதுதான் சங்கதியே.

1907இல் இந்தியன் வங்கி உருவானபோது அண்ணாமலைச் செட்டியார் குடும்பம் முன்னால் நின்றது. 1929இல் வெள்ளைக்காரன் அவருக்குப் பரம்பரை 'ராஜா' பட்டம் கொடுத்தான். மகன் முத்தையா நீதிக்கட்சி ஆட்சியில் மந்திரி. மகள் வழிப் பேரன் ப.சிதம்பரம் 1996இல் முதல்முறையாக நாட்டின் நிதியமைச்சர். மந்திரியாவது குத்தமில்லை. ஒரு சாதியைத் திட்டுவதும் என் வேலையில்லை. கதவை யாருக்காக வைத்தார்கள் என்று கேட்கிறேன்.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு 215 இடம். வணிகத்துக்கு 6. அந்த ஆறில் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு. ஓட்டுப் போடுறதும் அவங்க, ஜெயிக்கிறதும் அவங்க ஆள். பர்மா சபையிலும் அவர்களுக்கு இப்படி ஒன்று உண்டு.

சேரிக்கு? நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்க, 1932 ஆகஸ்டில் இதே மாகாணத்தில் 18 இடம் அறிவித்தார்கள். எரவாடா சிறையில் காந்தி பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். 18 இடம் 30 ஆச்சு. ஆனால் கடைசி ஓட்டு ஊர் கையில். நிற்பது நம் ஆள், நிறுத்தி வைப்பது ஊர். வட்டிக்கடைக்காரர்கள் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்தால் தேசம் உடைஞ்சு போகும்னு யாரும் பட்டினி கிடக்கவில்லையே, ஏன்?

அந்தச் சங்கத்தின் நாற்காலிக்காக யாரும் வெட்டுப்படவில்லை. மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக 1997இல் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை நம் ஆளை உட்காரவே விடவில்லை.

பணத்துக்கான அந்தத் தொகுதி குடியரசில் ஒழிந்தது. 2018இல் தேர்தல் பத்திரமாகத் திரும்பி வந்தது. வாங்குகிறவன் பேர் வெளியே தெரியாது, பத்திரம் ஒண்ணு ஒரு கோடி வரைக்கும். விற்றது பாரத ஸ்டேட் வங்கி. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

நான் வங்கிக் குமாஸ்தா. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையானதால்தான் இடஒதுக்கீடு என்னை இந்த மேசைக்குக் கொண்டுவந்தது. மதுரையிலேயே பிறந்த பாங்க் ஆஃப் மதுரா தனியாராகவே இருந்தது. 2001இல் ஐசிஐசிஐயோடு சேர்ந்தது. அங்கே இடஒதுக்கீட்டுச் சட்டம் எட்டாது. 2021 பட்ஜெட்டில் இரண்டு அரசு வங்கிகளைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள்.

மாணவத் தோழர்களே, பூனா ஒப்பந்தத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். அந்த ஆறு வணிக இடங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தனி வாக்குரிமை தேசத்தைப் பிளக்கும் என்று எவனாவது சொன்னால், வட்டிக்குக் கொடுத்தபோது பிளக்கலையா என்று கேளுங்கள்.