வீட்டுப் பட்டியலில் விடுபட்ட பள்ளி

அன்புப் பெற்றோரே, நீங்கள் வீட்டுப் பட்டியலைச் சுருக்கும் முறை எனக்குச் சினமூட்டுகிறது. நிரந்தர உரிமை நிலமா, 99 ஆண்டுக் குத்தகையா? எல்ஆர்டி நிலையம் அருகில் உள்ளதா? வெள்ளம் ஏறுமா? இவ்வாறு கேட்டு இருபது வீடுகளை மூன்றாக்குகிறீர்கள். தமிழ்ப்பள்ளி எங்கே என்ற கேள்வி மட்டும் கையொப்பமிட்ட பின்னரே எழுகிறது! "தூரமாகிவிட்டது ஐயா, பள்ளி மாற்ற வேண்டும்" என்று வந்து நிற்கிறீர்கள். பள்ளியா நகர்ந்தது?

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நிலை அதுவே. தோட்டத்து மக்கள் பட்டணம் சேர்ந்தனர். பள்ளிகள் பல செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டன. மறுக்கவில்லை. ஆயினும் 35 ஆண்டுவரை கடன் கட்டப்போகும் வீட்டைத் தேர்வு செய்வோர் நாம்தாமே?

நானும் இதில் குற்றவாளிதான். முதல் வீடு வாங்கியபோது தரகரிடம் சமையலறையின் அகலத்தை விசாரித்தேன், பள்ளியை விசாரிக்கவில்லை. விளைவு, ஆறாண்டுகள் என் மகள் இருட்டிலேயே எழுந்து வேன் ஏறினாள்.

வரைபடத்தில் முதலில் தமிழ்ப்பள்ளியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டமிடுங்கள். வெளியே உள்ள வீடுகளை அடித்துவிடுங்கள். சமையலறையைப் பிறகு அளக்கலாம்.