பளபளப்பைப் பார்க்காதீர், அளவைக் கேளுங்கள்!



சைக்கிள் உதிரிபாகக் கடைகளிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இப்போது 'ஸ்டண்ட் ஸ்கூட்டர்' கேட்டு வருகிறார்கள். பிள்ளைகள் காலால் உந்தி ஓட்டுகிற ஸ்கூட்டர்தான். ஆனால் இது மேட்டிலிருந்து குதிக்கவும், அந்தரத்தில் சுழற்றவும் ஆனது. நம்மில் சிலர் கையிருப்பில் உள்ள மடக்கு ஸ்கூட்டரையே 'ஸ்டண்ட்' என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். இது வியாபாரம் ஆகாது என்பதே என் கருத்து.

காரணம் எளியது. குதித்து இறங்கும்போது மடக்கும் மூட்டிலும் பலத்த அடி விழும். அதனால்தான் ஸ்டண்ட் ஸ்கூட்டரில் மடக்கும் மூட்டும் கிடையாது, உயரம் கூட்டிக் குறைக்கும் ஹேண்டில்பாரும் கிடையாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதைப் பார்த்து வாங்க வேண்டியதுதான். ஆனால் பொம்மை ஸ்கூட்டரில் அந்த முத்திரை இருப்பதால் அது குதிப்பதற்கு ஏற்றதாகிவிடாது.

உதிரிபாகத்துக்கு வருவோம். சக்கரம் 100, 110, 120 மி.மீ. என்று வருகிறது. அகலமும் 24 மி.மீ., 30 மி.மீ. என்று மாறுகிறது. 100-க்கான ஃபோர்க்கில் 110 போட்டால் உரசும். 24-க்கான ஃபோர்க்கில் 30 நுழையாது. நடுப்பாகம் பிளாஸ்டிக்காக இருந்தால் தெருவில் ஓட்டப் போதும். குதிப்பதற்கு அலுமினிய நடுப்பாகம்தான் தாங்கும். சக்கரத்தில் 85ஏ, 88ஏ என்று இருப்பது கடினத்தின் அளவு. எண் கூடினால் வேகம் கூடும், பிடிப்பு குறையும்.

பெரும்பாலான சக்கரங்களுக்கு 608 பேரிங்தான்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. சக்கரத்துக்கு இரண்டு பேரிங், நடுவே ஒரு ஸ்பேசர். ஸ்பேசர் இல்லாமல் ஆக்சிலை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நெருக்குண்டு சிக்கும். பெட்டியில் உள்ள 'ஏபெக்' எண்ணைக் காட்டி விலை கூட்டுவோரும் உண்டு. அந்த எண் பேரிங்கின் துல்லியத்தைத்தான் சொல்லும். அடி தாங்குமா என்று சொல்லாது.

ஹேண்டில்பாரிலும் 31.8, 34.9 மி.மீ. என இரண்டு வெளிவிட்டம் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் 3.1 மி.மீ.தான். ஆனால் கிளாம்ப் மாறினால் பிடிப்பு நிற்காது. பாதித் தாவலில் ஹேண்டில் திரும்பினால் பிள்ளையின் பல்லோ கையோ போகும்.

ஆகவே மொத்த வியாபாரிகளாகிய நாம் பில்லிலேயே அளவை எழுதி அனுப்ப வேண்டும். வெறும் 'சக்கரம் 1 ஜோடி' என்று எழுதுவது போதாது. சில்லறைக் கடைக்காரர்கள் கல்லாப் பக்கத்தில் ஒரு வெர்னியர் காலிபர் வைத்திருக்கட்டும். பழைய சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்லி, அளந்து பார்த்துக் கொடுக்கட்டும். "பையன் தெருவில் ஓட்டுகிறானா, குதிக்கிறானா?" என்று தகப்பனாரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். குதிப்பவன் என்றால் ஹெல்மெட்டையும் எடுத்துக் காட்டட்டும்.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். பொருந்தாத சரக்கு திரும்பி வந்தால் லாபமும் போகும், வாடிக்கையும் போகும். அவை போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். நம் கடைச் சரக்கால் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? சிந்திப்போம்.