பழங்குப்பி சேகரிப்பும் குறை சொல்லி விற்கும் பண்பும்





பழைய பொருட்களைத் தேடிச் சேர்ப்பது பயனற்ற வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றைச் சேர்ப்பவரையாவது ஒருவாறு பொறுத்துக்கொள்கிறோம். ஒருவர் காலிக் கண்ணாடிக் குப்பிகளைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கினால் அவருடைய புத்தியையே ஐயப்படுகிறோம். அக்குப்பிகளுள் சில ஒரு காலத்தில் மது அடைக்கப்பட்டிருந்தவை என்று தெரிந்துவிட்டாலோ, வீட்டில் சச்சரவே எழுந்துவிடுகிறது.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பணிபுரிகிறார். அவ்வூர்ப் பழங்குப்பி சேகரிப்போர் மன்றத்தில் உறுப்பினராகவும் இருக்கிறார். மகனைப் பார்க்கச் சென்ற தந்தையார் அலமாரியைக் கண்டு, “முஸ்லிம் வீட்டில் சாராயக் குப்பியா?” எனக் கடிந்து, அத்தனையையும் குப்பையில் எறியச் சொல்லிவிட்டார். “ஹஜ்ரத், வாப்பாவின் சொல்லைத் தட்டவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது?” என்று மாணவர் தொலைபேசியில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையும், அம்மன்றத்தைப் பற்றி அவரிடமிருந்து நான் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து எழுதினால் வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறேன். குப்பிக்குள் முன்பு என்ன இருந்தது என்பது இரண்டாவது கேள்வி. அதை வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசுகிறார்களா என்பதே முதற்கேள்வி. இதுவே என் கருத்து.

இந்த மன்றங்கள் எப்படித் தோன்றின என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் 1959-ஆம் ஆண்டு இத்தகைய மன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் 1970-களில் இவ்வழக்கம் பரவியது. விக்டோரியா அரசியின் காலத்தில் ஆங்கிலேய நகரங்கள் தம் குப்பையை ஊருக்கு வெளியே பள்ளங்களில் கொட்டின. அடுப்புக்கரியின் சாம்பலே அதில் பெரும்பகுதி. அச்சாம்பலுக்குள் புதைந்த கண்ணாடியும் பீங்கானும் நூறாண்டுக்குப் பின்னும் உடையாமல் கிடந்தன. சேகரிப்பாளர்கள் அவ்விடங்களைப் பழைய வரைபடங்களின் உதவியால் கண்டறிந்து, நில உரிமையாளரிடம் அனுமதி பெற்றுத் தோண்டுகிறார்கள். தோண்டி முடித்தபின் பள்ளத்தை மூடிவிட வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தேடுவதற்குக்கூடத் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பிறர் நிலத்தில் அனுமதியின்றிக் கைவைப்பது அங்கே சட்டப்படி குற்றம். நமக்கோ அது மார்க்கத்திலும் குற்றம்.

மாதம் ஒருமுறை மாலையில் பத்து இருபது பேர் ஒரு பொதுக்கூடத்தில் கூடுகிறார்களாம். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர், பேருந்து ஓட்டுநர், பள்ளி ஆசிரியை எனப் பலதரத்தவரும் வருவர். ஒவ்வொருவரும் தமக்குப் புதிதாகக் கிடைத்த ஒன்றைக் கொணர்ந்து மேசைமேல் வைத்து, அது கிடைத்த இடத்தையும் அதன் காலத்தையும் கூறுவர். மற்றவர்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பர். அடியில் கரடுமுரடான வடு இருந்தால், வாயை உருவாக்கும் வேளையில் இரும்புக் கோலில் ஒட்டிப் பிடிக்கப்பட்ட பழைய குப்பி அது. அச்சின் இணைப்புக்கோடு வாயின் விளிம்பு வரை ஏறியிருந்தால், மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903-இல் உருவாக்கிய தானியங்கிப் பொறிக்குப் பிந்தைய குப்பி என்று கொள்வர். படிப்பறிவு குறைந்த ஒரு முதியவர் பட்டம் பெற்ற இளைஞருக்கு இவற்றைக் கற்பிக்கிறார் என்று மாணவர் வியந்து சொன்னார். நம் மதரஸாக்களில் ஒரு கிதாபை உஸ்தாதின் முன்னிலையில் அமர்ந்து ஓதும் முறைதான் என் நினைவுக்கு வந்தது.

அம்மேசையில் நமக்குப் பழக்கமான பொருள் ஒன்றும் அடிக்கடி வருகிறது. அது நம் ஊர்க் கோலி சோடாக் குப்பியே. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் அதன் வடிவத்தைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்குவதே அதன் நுட்பம். மாணவர் வசிக்கும் யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி நகரில் இக்குப்பிகள் பெருமளவில் செய்யப்பட்டன. அக்காலச் சிறுவர்கள் கோலிக்காகவே குப்பியை உடைத்துவிட்டதால் முழுக்குப்பிகள் அங்கே அரிதாகிவிட்டன. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கட்டைவிரலால் அழுத்திக் குடித்த சோடாவை அங்கே கண்ணாடிப் பேழைக்குள் கண்டபோதுதான் மாணவருக்கு இதில் ஈடுபாடு பிறந்ததாம்.

மருந்துக் குப்பிகளின் செய்தி வேறு. நச்சு மருந்துகளுக்கென்று அக்காலத்தில் தனிக் குப்பிகள் செய்தார்கள். அடர்நீலம் அல்லது பச்சை நிறம். உடல் முழுவதும் வரிவரியான மேடுகள். விளக்கில்லாத இரவில் கைதவறி எடுத்தாலும், விரல் பட்டவுடன் இது நஞ்சு என்று தெரியவேண்டும் என்பதற்காகவே அம்மேடுகள். அதே காலத்தில் அமெரிக்காவில் “திருமதி வின்ஸ்லோவின் அமைதி மருந்து” என்ற பெயரில் ஓர் இனிப்பு மருந்து விற்கப்பட்டது. பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்துவதாகச் சொன்னார்கள். அதில் இருந்ததோ மார்ஃபின் என்னும் அபின் சத்து. குப்பி வழவழப்பாக, அழகாக இருந்தது; உள்ளே இருந்ததை அது சொல்லவில்லை. அபினும் மார்ஃபினும் மதுவும் கலந்த மருந்துகளில் அதை எழுதியே தீரவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1906-இல்தான் கட்டாயமாக்கியது. எத்தனை தாய்மார்கள் அதற்குள் அறியாமல் அதைப் புகட்டியிருப்பார்கள்!

இவ்விரு குப்பிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று சொன்னதும் அப்போதுதான். நஞ்சுக்குப்பி தன் ஈரத்தை மேலே வைத்தது. அமைதி மருந்தோ அதை அடியில் மறைத்தது.

இனி, தந்தையாரின் கேள்விக்கு வருவோம். மது இருந்த பாத்திரம் ஹராமா? அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது, மது ஊறவைக்கப் பயன்பட்ட சுரைக்குடுக்கை, மெருகிட்ட சாடி, கீல் பூசிய பாத்திரம், குடைந்த மரப்பாத்திரம் ஆகியவற்றை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதுவை விட்டு மக்கள் விலகிய பின்னர் அத்தடையைத் தளர்த்தி, பாத்திரம் எதையும் ஹராமாக்குவதில்லை, போதை தருவதே ஹராம் என்று தெளிவுபடுத்தினார்கள். ஆகவே கழுவிச் சுத்தமான காலிக்குப்பியை வைத்திருப்பது குற்றமாகாது. ஆனால் மது நிரம்பி முத்திரை கலையாத பழங்குப்பிக்குச் சேகரிப்பாளரிடையே விலை அதிகம். அதை வாங்குவதோ விற்பதோ நமக்குக் கூடாது. பொன், வெள்ளிப் பாத்திரங்களையும் கவனிக்க வேண்டும். அவற்றில் உண்பதும் பருகுவதும் தடை என்பதோடு, நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சரியான சொல்லின்படி அவற்றை அலங்காரத்துக்காக வைத்திருப்பதும் கூடாது.

எனினும் ஆகுமானது எல்லாம் வீட்டின் நடுக்கூடத்தில் வைக்கத் தக்கதன்று. மது நிறுவனத்தின் பெயர் பொறித்த குப்பியை வரவேற்பறையில் வைத்தால் பிள்ளைகளின் மனத்தில் அது என்ன பதிக்கும்? “தம்பி, வாப்பாவின் மனம் நோகும் அந்த ஏழெட்டுக் குப்பிகளை மன்றத்தாருக்குக் கொடுத்துவிடுங்கள். சோடாக் குப்பியும் மருந்துக் குப்பியும் இருக்கட்டும், அவற்றின் வரலாற்றை வாப்பாவிடமே சொல்லுங்கள்” என்றேன். அவ்வாறே செய்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புகிறேன். இத்துறையில் ஏமாற்று மலிந்துள்ளது. நிறம் போக்குவதற்காக மாங்கனீசு சேர்த்த பழங்கண்ணாடி பல ஆண்டு வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். அதைக் கதிர்வீச்சால் ஒரே நாளில் கரும் ஊதாவாக்கி, அரிய நிறம் என்று விற்பவர் உண்டு. உடைந்த விளிம்பைப் பிசினால் நிரப்பி மறைப்பவர் உண்டு. மங்கிய கண்ணாடியைச் செப்புத் துண்டுகளோடு உருளையில் சுழற்றி மெருகேற்றுவதும் உண்டு. மெருகேற்றியதைச் சொல்லி விற்றால் குறையில்லை, சொல்லாமல் விற்றால் ஏமாற்று. மாணவரின் மன்றத்தில் ஒரு வழக்கம் நிலவுகிறது. விற்பவர் விலையைச் சொல்வதற்கு முன் கீறலைச் சொல்லவேண்டும். விரலை அதன்மேல் வைத்துக் காட்டவேண்டும். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்தமைந்த ஹதீஸை நாம் மிம்பர்களில் ஓதுகிறோம். நம் கடைத்தெருக்களில் பழைய வண்டியையும் கைப்பேசியையும் விற்பவர்களுள் எத்தனை பேர் விலைக்கு முன் குறையைச் சொல்கிறார்கள்?

இதைவிடக் கடினமான நிலை ஒன்று உண்டு. குப்பியின் அருமை அறியாத ஒருவர் அதை அற்ப விலைக்குத் தர முன்வருகிறார். அறிந்தவர் வாய்மூடி வாங்கிக்கொள்ளலாமா? சந்தை நிலவரம் அறியாமல் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்துச் சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்தபின் விற்றவருக்கு உடன்பாட்டை முறிக்கும் உரிமையையும் அளித்தார்கள். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரை வாங்கப்பட்டது. உம் குதிரை இதைவிட மதிப்புள்ளது என்று உரிமையாளரிடம் தாமே சொல்லிச் சொல்லி விலையை உயர்த்தி, எண்ணூறு கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் நூலின் விரிவுரையில் இதை எடுத்தெழுதியுள்ளார்கள்.

அம்மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்தபோது வீடு நிறையக் குப்பிகள் இருந்தன. அவற்றின் மதிப்பு அவருடைய மனைவிக்குத் தெரியாது. மொத்தமாக ஒரு தொகைக்கு அள்ளிச் செல்ல வெளி வியாபாரி ஒருவர் வந்தார். மன்றத்தார் மூன்று மாலைகள் அவ்வீட்டில் அமர்ந்து, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிப் பட்டியலிட்டு அவ்வம்மையார் கையில் கொடுத்தார்கள். பட்டியலிட்டவர்கள் தமக்கென்று ஒன்றையும் வாங்குவதில்லை என்றும் தமக்குள் முடிவு செய்துகொண்டார்களாம். கலிமா சொல்லாத மக்கள் இந்த அமானத்தைப் பேணுகிறார்கள். நம்மில் ஒருவர் மவ்த்தானால் அவருடைய கடைச் சரக்கையும் கொடுக்கல் வாங்கலையும் விதவையிடமும் அனாதைகளிடமும் நேர்மையாக எடுத்துச் சொல்ல எத்தனை பேர் முன்வருகிறோம்?

மன்ற வாழ்வில் ஒதுக்க வேண்டியவையும் உள்ளன. செலவுக்குப் பணம் திரட்டக் குலுக்கல் சீட்டு விற்பார்கள். அது சூதாட்டத்தில் சேரும். சீட்டு வாங்காமல் அத்தொகையை நன்கொடையாகக் கொடுத்துவிடலாம். சில கூட்டங்கள் மதுக்கூடத்தின் பின்னறையில் நடக்கும், அவற்றைத் தவிர்க்கவேண்டும். விற்பதற்கென்றே வாங்கிக் குவித்தவை வியாபாரப் பொருளாகும். அவை நிஸாபை எட்டினால் ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமையாகும். வெளிநாட்டுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று பாட்டனார் வீட்டுப் பழம்பொருளைப் பெட்டியில் கட்டி அனுப்பும் பெற்றோர், நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்வதை அறிந்துகொள்ளவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகமாக்கிக்கொள்ளும் ஆசை கப்ரைச் சந்திக்கும் வரை மனிதனைப் பராக்காக்கிவிடும் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. நூறு குப்பிகள் உடையவருக்கு நூற்றொன்றாவதன்மீதே கண். மனைவியின் செலவுக்கு உரிய பணம் அலமாரிக்குப் போனாலோ, தோண்டும் ஆர்வத்தில் அஸர் தவறினாலோ, அறிவாகத் தொடங்கியது நோயாகிவிட்டது என்று பொருள். வாங்குமுன் வீட்டாரிடம் கலந்து பேசுவதும், ஓர் எண்ணிக்கையை வரையறுத்துக்கொண்டு அதற்கு மேல் வந்தால் ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பதும் நல்ல மருந்து.

குப்பி சேர்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லாமல் இருக்கலாம். விற்பதும் வாங்குவதும் எல்லோருக்கும் உண்டு. உங்கள் பிள்ளை பழைய மிதிவண்டியை நண்பனுக்கு விற்கும் நாளில், விலையைச் சொல்லுமுன் அதன் பழுதைச் சொல்லும்படி அவனைப் பழக்குங்கள். வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கலில் வாய்மையையும், நம் வீடுகளில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.