மூலிகை எரிபொருளும் வெப்பத்தின் ஐந்தொகையும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் மம்சாபுரத்தில் இருந்தபோது, எங்கள் தெரு முதியவர் ஒருவர் என்னை அருகழைத்து, "தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளை. பச்சிலையைத் தண்ணீரில் காய்ச்சிப் பெட்ரோல் எடுத்தவரை ஏன் வாழவிடவில்லை? நம்ம பக்கத்து ஆள், பெரிய படிப்புப் படிக்காதவர் என்றுதானே?" என்று வினவினார். "அது விஞ்ஞானம் பயில்வோரைக் கேட்கவேண்டிய கேள்வி, தாத்தா. நான் தமிழ் படிக்கிறேன்" என்று கூறி விலகினேன். விலகியது எளிதாயிற்று, ஆயின் அவ்விடை என் நெஞ்சைப் பல நாள் உறுத்திற்று. நம் மொழியில் கேட்கப்பட்ட வினாவிற்கு நம் மொழியிலேயே விடை கூற அறியாதவன், அம்மொழியைச் சிறப்புப் பாடமாகக் கற்பதாற் பயன் யாது? விடுதிக்கு மீண்டபின் இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவரிடம் பல மாலை அமர்ந்து கேட்டறிந்தேன். அம்முதியவர்க்கு யான் செலுத்தவேண்டிய கடனே இக்கட்டுரை.

அவர் குறித்தது யாவரும் அறிந்த செய்தி. இராஜபாளையத்தை அடுத்த இடையன்குளத்தைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பார், மூலிகையை நீரிலிட்டுக் காய்ச்சி எரிபொருள் ஆக்குவதாக 1996-ஆம் ஆண்டில் அறிவித்தார். நாடெங்கும் பத்திரிகைகள் அதனைப் புகழ்ந்தெழுதின. அறிவியலார் ஐயுற்றனர், பரிசோதனைகளும் நிகழ்ந்தன. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. விற்கப்பட்டது பெட்ரோலியப் பொருள்களின் கலவையே என்பது வழக்கு. 2016-ஆம் ஆண்டில் சென்னை நீதிமன்றம் ஒன்று அவர்க்கும் வேறு சிலர்க்கும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒருவரை இகழ்தல் என் கருத்தன்று. நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டி முதியவரின் வாயை அடைத்தலும் என் கருத்தன்று. தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஆய்வுக்கூடமும் கருவியும் இன்றி, திண்ணையில் இருந்தவாறே இவ்வழக்கைத் தீர்க்கத்தக்க விதி ஒன்று உண்டு என்பதே யான் கூற விழைவது.

வெப்பவியலின் முதல் விதி என்பது அதன் பெயர். ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது, ஒரு வடிவினின்று மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும் என்பது அதன் பொருள். இதனை வணிகர் மொழியில் ஐந்தொகை என்னலாம். ஒரு பொருளுக்கு நாம் அளித்த வெப்பம் வரவு, அது பிறவற்றைத் தள்ளிச் செய்யும் வேலை செலவு, எஞ்சியது உள்ளிருப்பு. வரவுக்கு மிஞ்சிச் செலவாயின், அவ்வளவும் உள்ளிருப்பினின்று கழியும். இக்கணக்கில் ஒரு காசும் தவறுவதில்லை. 1840-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவுக்குச் சென்ற மேயர் என்னும் ஜெர்மானியக் கப்பல் மருத்துவர், மாலுமிகளின் இரத்த நிறத்தினின்று இவ்வுண்மையை ஊகிக்கத் தொடங்கினார். மான்செஸ்டர் நகரத்து ஜூல் என்பார் அதனை அளந்து நிறுவினார்.

வாயுக்களிடத்து இக்கணக்கைக் காண்டல் எளிது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுவதை அறியாதார் யார்? ஆங்குத் தீ இல்லை. நம் கை செய்த வேலை, அமுக்குண்ட காற்றின் உள்ளிருப்பிற் சேர்ந்து வெப்பமாகிறது. இதன் மறுதலையை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிற் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் ஏறுங்கால், மேலே அழுத்தம் குறைதலின் விரிகிறது. விரிதல் ஒரு வேலை. அவ்வேலைக்குரிய கூலியைப் புறத்தேயிருந்து தருவார் இல்லாமையால், காற்றுத் தன் உள்ளிருப்பைச் செலவிட்டுக் குளிர்கிறது. உலர்ந்த காற்றாயின் ஆயிரம் மீட்டர் ஏற ஏறத்தாழப் பத்து டிகிரி குளிரும். அக்குளிர்ச்சியால் நீராவி முகிலாகி, மலையாள நாட்டின் பக்கம் மழையாகிறது. மழையை ஆங்கு இறக்கிவிட்டு நம் பக்கம் இறங்கும் காற்றோ, அமுக்குண்டு வெம்மையுற்று வறள்கிறது. ஆனி ஆடியில் மலைமுகட்டில் முகில் தவழ, அடிவாரத்து வயல் வானம் பார்த்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இரசாயன மாற்றத்தை நோக்குவோம். இதற்குச் சுண்ணாம்பினும் நல்ல ஆசிரியர் இல்லை. நூறு கிராம் சுண்ணாம்புக்கல்லைக் காளவாயிலிட்டுச் சுட்டால், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 கிராம் கரியமிலவாயு வெளியேறும். இம்மாற்றம் விழுங்கும் வெப்பம் ஏறத்தாழ 178 கிலோ ஜூல். அதில் ஏறத்தாழ இரண்டரை, வெளிப்படும் வாயு புறக்காற்றைத் தள்ளி இடம்பெறுதற்கு ஆகும் கூலி. விறகோ நிலக்கரியோ தந்த அந்த வெப்பம் எங்குச் சென்றது? கல் ஆறியபின் கையிலெடுத்தால் சூடு இல்லை. எனினும் வெப்பம் அழிந்திலது. அச்சுண்ணாம்பில் நீரை வார்த்துப் பாருங்கள்! சீறிக் கொதித்து, 65 கிலோ ஜூலைத் திருப்பித் தருகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகி, எஞ்சிய 113-ஐயும் நாம் அறியாவண்ணம் விடுகிறது. அறுபத்தைந்தும் நூற்றுப்பதின்மூன்றும் கூடியது நூற்றெழுபத்தெட்டு! கல்லில் தொடங்கிக் கல்லில் முடிந்தது, கணக்கும் சரியாயிற்று. எவ்வழியாகச் சென்றாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பமும் ஒன்றே என்று ருசிய நாட்டில் வாழ்ந்த ஹெஸ் என்பார் 1840-இல் வெளியிட்ட விதியும் இதுவே.

இவ்வளவும் அறிந்தபின் மூலிகை எரிபொருளுக்கு வருவோம். நீர் என்பது யாது? எரிந்து முடிந்த பொருள். இரண்டு கிராம் ஹைட்ரஜன் பிராணவாயுவிற் கலந்து எரிந்தால் 18 கிராம் நீரும் 286 கிலோ ஜூல் வெப்பமும் உண்டாம். ஆதலின் நீரை மீண்டும் எரியும் பொருளாக்க வேண்டின், அந்த 286-ஐயும் குறையாது திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அடுப்புச் சாம்பலை மீண்டும் விறகாக்கி எரிக்கலாம் என்பாரை நாம் நம்புவோமா? நீர் ஹைட்ரஜனின் சாம்பல். அன்றியும் பெட்ரோலின் பெரும்பகுதி கரி. நீரில் கரி அணுவளவும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் அறுநூறு கிராமுக்கு மேற்பட்ட கரியும், முப்பதாயிரம் கிலோ ஜூலுக்கு மேற்பட்ட வெப்பமும் உள. அவ்வளவு வெப்பம் ஏறத்தாழ இரண்டு கிலோ உலர்ந்த விறகில் அடங்கும். ஒரு சிறங்கைப் பச்சிலை இக்கடனை எவ்வாறு தீர்க்கும்?

இங்கு மூன்று தடைகள் எழலாம். "மூலிகை ஓர் ஊக்கியாக நின்று வினையை நிகழ்த்தியிருக்கலாமே" என்பது முதலாவது. ஊக்கி வினையை விரைவாக்கும். வெப்பக் கணக்கில் ஒரு காசும் சேர்க்காது. நல்ல தரகன் விலைபேசுதலை விரைந்து முடிப்பான். வாங்குவோன் பையிற் பணத்தைப் பெருக்கமாட்டான். "அடுப்பிலிட்ட தீ அவ்வாற்றலைத் தந்திருக்கலாமே" என்பது இரண்டாவது. தந்திருப்பினும், எரித்த விறகினும் மிகுதியான பயனை அவ்வெரிபொருளினின்று பெறல் இயலாது. விறகையே எரித்துப் போகலாம். "மரம் நீரையும் காற்றையும் கொண்டு விறகு ஆக்கவில்லையா?" என்பது மூன்றாவது, மூன்றனுள் இதுவே சிறந்தது. ஆக்குகிறது, ஐயமில்லை. ஆயின் ஞாயிறு நாள்தோறும் கூலி கொடுக்கிறது. பல மாதம் வெயிலில் நின்று ஈட்டிய பொருளை, ஒரு பானை நீர் அரை நாழிகையில் ஈட்டாது.

கணக்கு ஒத்துவருவன எல்லாம் உலகில் நிகழும் என்று இவ்விதி கூறவில்லை. அதற்கு வேறு விதி உண்டு. ஆயின் கணக்கு ஒவ்வாதது ஒருபோதும் நிகழாது. ஆதலினாலன்றோ, தானே ஓயாது இயங்கும் பொறி கண்டோம் என்று வருவாரின் விண்ணப்பங்களை இனி ஆராய்வதில்லை என்று பிரெஞ்சு அறிவியற் கழகத்தார் 1775-ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தனர்!

தாத்தாவின் வினாவில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் யான் மறுக்கமாட்டேன். கற்றோர் எளியோரைப் பலகால் இகழ்ந்ததுண்டு. அப்புண்ணின் வடுவே அவ்வினாவாக வெளிப்பட்டது. "இஃது இயலாது" என்று மட்டும் கூறிக் காரணத்தை அயல்மொழியில் மறைத்து வைத்தால், கேட்பவர் அதனைச் செருக்கு என்று கொள்ளாது வேறென்ன கொள்வார்? முதல் விதி ஏழை பணக்காரன் என்றும், பட்டணத்தான் பட்டிக்காட்டான் என்றும் பாராது. பேராசிரியர் கூறினும் கணக்குத் தவறினால் தவறே. எழுத்தறியாதவர் கூறினும் கணக்கு ஒத்தால் ஏற்றற்குரியதே. எளியோர்க்கு இதனினும் சிறந்த காவல் யாது? தண்ணீரில் ஓடும் வண்டி என்றும், செலவின்றி மின்சாரம் என்றும் எவரேனும் கடைவிரிக்கும்போது, பணப்பையை அவிழ்க்குமுன் "கூலி கொடுப்பவர் யார்?" என்று ஒரு வினா வினவுதல் போதும்.

ஆதலின் என் வேண்டுகோள் இது. நம் கல்லூரியில் தமிழ் பயில்வோரும் விஞ்ஞானம் பயில்வோரும் இரு வேறு நாட்டார் போல் வாழ்தல் ஒழிய வேண்டும். ஆண்டுதோறும் இருசாராரும் கூடி, தம்மூர்த் தொழில் ஒன்றை, அது காளவாயாயினும் நூற்பாலையாயினும் பால்கோவா அடுப்பாயினும் ஆகுக, எடுத்துக்கொண்டு அதன் அறிவியலைத் தாய்மொழியில் எழுதி இச்சஞ்சிகையில் வெளியிடல் வேண்டும். பழைய மாணவரும் ஆசிரியரும் அதற்குத் துணைநிற்பாராக.

யான் வரும் விடுமுறையில் மம்சாபுரம் செல்வேன். ஒரு கட்டிச் சுட்ட சுண்ணாம்பும் ஒரு செம்பு நீரும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் திண்ணையில் அமர்வேன். எட்ட நின்று பார்க்குமாறு அவரிடம் கூறிவிட்டு, நீரை வார்ப்பேன். அது சீறும்போது கணக்கைத் தொடங்குவேன். அவர் ஒப்புவாரோ மறுப்பாரோ அறியேன். இம்முறை விலகிச் செல்லமாட்டேன்.